பட்டி

மைக் அனுமதிப் படிவத்தில் பதினோரு கட்டங்கள்.
வேட்பாளர் பெயர், இடம், நேரம்,
குழாய் எத்தனை, வண்டி எண்.
கேள்வி கேட்பவருக்கென்று
கட்டம் கிடையாது.

வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்கு மேற்கே
கருவேலம்பதி முக்கில்
ஆறரைக்கு வந்து இறங்கினார்.
"என் அன்பான தமிழ்ச் சொந்தங்களே" என்று
கைக்குள் இருந்த சீட்டைப் பார்த்துத் தொடங்கினார்.
மலையாள எழுத்தில் எழுதிய தமிழ்.
நன்றாகத்தான் படித்தார்.
ழகரம் எங்களைவிடச் சுத்தம்.

சால்வை முடிந்து, வெடி முடிந்து
வயரைச் சுருட்டப் போனபோது
மாராத்தாள் கையை நீட்டினாள்.
பகலெல்லாம் தோப்பில் தேங்காய் பொறுக்கிய கை.
கொடுத்துவிட்டேன்.
ஆம்ப்ளிஃபயரை அணைக்க மறந்துவிட்டேன் என்று
பிறகு எழுதிக் கொடுத்தேன்.
மறக்கவில்லை.

"ஓட்டு முடியற வரைக்கும்
எங்களப் பட்டியில அடைச்சு வெக்கறீங்க.
முடிஞ்சதும் தெறந்து உட்டுர்றீங்க.
தண்ணி எங்கெங்க?"

கணவாய்க் காற்று நேரம் பார்த்து வீசி
அந்த 'யில'வை மட்டும் பிடுங்கிக்கொண்டு
கிழக்கே போனது.
ஒரு வேற்றுமை உருபு, அவ்வளவுதான்.
மிச்சம் நின்றது பட்டி.

எங்களுக்கு அது ஆடு அடைக்கும் இடம்.
மேடையில் இருந்தவர்களுக்கு
நாய்.

ஸ்டேஷனில் என் ஆம்ப்ளிஃபயருக்கு
அரக்கு முத்திரை வைத்துச் சீட்டுக் கட்டினார்கள்.
அவளுக்குச் சீட்டு இல்லை, பெஞ்சு.
எஸ்.ஐ. கண்ணூர்க்காரர், வந்து ஒன்பது நாள்.
கெட்ட மனுஷர் இல்லை.
"சகாயம், நீயே சொல்லு, அவள் என்ன சொன்னாள்?"

இரண்டு பாஷையும் தெரிந்தவனின் வாய்
எப்போதும் கொஞ்சம் வழுக்கும்.
"ஆட்டின்கூடு சாரே" என்றேன்.
"பாவம், ஆடு மேய்க்கிற சனம்,
வேற பேச்சு வராது."
ரைட்டர் சிரித்தார்.
எஸ்.ஐ.யும் சிரித்தார்.
வசவு அல்ல, நாட்டுப்புறப் பேச்சு என்று
சிரித்துக்கொண்டே எழுதினார்கள்.
அவளை விட்டுவிட்டார்கள்.

வெளியே டீ வாங்கி நீட்டினேன்.
வாங்கவில்லை.
"ஏனுங்க, நானு ஆட்டைப் பத்தியா பேசுனேன்?"

நான் டம்ளரோடு நின்றேன்.

"அப்படியே நாயின்னு சொல்லியிருந்தாத்தான் என்னங்க?
நாய் தெனமும் ஊட்டுக்கு வருது."

அவள் பஸ்ஸுக்குப் போனாள்.
ஆறிய டீயில் ஆடை படிந்தது.
அவள் சொன்னதில் குற்றம் இல்லை என்று காட்ட
அவள் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்று
நிரூபித்திருக்கிறேன்.
புகார் கொடுத்தவன்கூட
அவள் வாய்க்கு அந்த அளவு மரியாதை வைத்திருந்தான்:
பயந்துபோய்தானே ஓடி வந்தான்.

அடுத்த புதன் எதிர்க்கட்சி.
பொள்ளாச்சியில் வாடகைக்கு எடுத்த ஆம்ப்ளிஃபயர்.
அவர்களும் செய்தி கேட்டிருந்தார்கள்,
பேச்சுரிமைக்குக் கண்டனம் என்று
தட்டியில் எழுதிக்கூட வைத்திருந்தார்கள்.
குழாய் கட்டுமுன் ஒரு தாளை நீட்டினார்கள்:
மேடையில் இல்லாதவர் கையில்
மைக்கைக் கொடுக்க மாட்டேன்.
கையெழுத்துப் போட்டேன்.
இன்னும் நாலு தவணை பாக்கி.

மாராத்தாள் வந்திருந்தாள்.
குடத்தைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்,
என் பக்கம் பார்க்காமல்.

இந்த மேடைக்குப் பதினைந்து மீட்டர் வயர் தாராளம்.
நான் நாற்பது மீட்டர் கட்டுகிறேன்.
மிச்சம் மேடைக்குக் கீழே
சுருள் சுருளாய்க் கிடக்கிறது,
ஆட்கள் உட்காரும் பக்கம்.

எதற்கு இவ்வளவு வயர் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.